நான் தேர்ந்தெடுத்த சின்னப் பலகை

1

போன வாரம் கடைக்கு எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் கடையில் போன் முதலாளியின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு யாரும் போன் செய்வதில்லை. அதனால் என் பெயரைக் கேட்டதும் ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று முதலாளி முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ரிசீவரை நீட்டுவார். இந்தத் தடவை பேசியது போளூரிலிருந்து என் சித்தப்பா மகளின் பையன். காலேஜில் படிக்கிறான்.

"மாமா, கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்குப் பலகையும் பேனாவும் வாங்கணும். எது நல்லாருக்கும்னு உங்களக் கேக்கச் சொன்னாங்க அம்மா" என்றான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் பெங்களூரில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடற்கரையில் சுண்டல் விற்பவனுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று நினைப்பதுபோல. ஊருக்கு வரும்போது டீக்கடையில் என்னை உட்காரவைத்து, எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று விசாரிக்கிறீர்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். அதை நீங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

இருந்தாலும் அந்தப் பையன் கேட்டது முழுக்கத் தவறான ஆளிடம் இல்லை. அப்படி ஒரு பலகையை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. அந்தக் கதையை முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் சொல்ல முடியாது. வெளியூரில் இருப்பவர்கள் ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று நம் ஊர் மலர் போடுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

பெங்களூரை வெளிநாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் தொண்ணூற்றொன்றில் நான், மனைவி கஸ்தூரி, ஐந்து வயது மகள் சுகந்தி மூவரும் வந்து இறங்கியபோது, பஸ் போர்டு ஒன்றையும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வந்த சில மாதங்களில் காவிரித் தகராறில் ஊர் கொதித்தது. முதலாளி ஷட்டரை இறக்கி எங்களை உள்ளேயே வைத்துக்கொண்டார். வீட்டில் கஸ்தூரி, தமிழில் அழாதே என்று குழந்தையிடம் கெஞ்சினாளாம். குழந்தை எந்த மொழியில் அழும்? அதற்குப் பிறகு நாங்கள் கன்னடம் கற்றுக்கொண்டோம். அது எப்படிப்பட்ட கன்னடம் என்றால், காய்கறிக்காரர் நான் விலை கேட்டதும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள் என்பார். போளூர் வந்தாலோ அப்படியா என்பதற்கு நான் என்னை அறியாமல் "ஹௌதா" என்று கேட்டுவிடுகிறேன். அங்கேயும் சிரிப்பு. இரண்டு ஊருக்கும் என்னால் ஆன உபகாரம்.

எங்கள் கடை ஆஸ்டின் டவுனில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரக்கடை. என் வேலை பாத்திரத்தில் பெயர் வெட்டுவது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கரண்டில் ஓடும் ஊசிப் பேனா, வண்டு மாதிரிச் சத்தம் போடும். வலது கையில் பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் பாத்திரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். தட்டின் விளிம்பில் பெயர் வளைந்து வருவது அப்படித்தான். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் வெட்டுவேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம். பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. இது கஸ்தூரியின் சட்டம். பொம்மனஹள்ளியில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. குழாயடியில் எல்லார் குடமும் ஒரே மாதிரி இருக்கும். பெயர் போடாத பொருள் நம்முடையது இல்லை என்பாள். குடம், தட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் போக, இஸ்திரிப்பெட்டி, குடைக்கம்பி, சுகந்தியின் ஜாமெட்ரி பாக்ஸ், காம்பஸ் என்று எல்லாவற்றிலும் என் கைவேலை இருக்கிறது. புதிதாக எதையாவது வாங்கி வந்தால், நல்லாருக்கு என்பதற்கு முன்னால் அவள் கேட்பது, "பேரு போட்டாச்சா?"

சுகந்தி கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு எங்கள் வீட்டுப் பாத்திர மூடிகளில் இருந்துதான் தெரியும். அதனால் அவள் தமிழ் ஒரு விதமான தமிழ். உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தபோது மண்டபத்துத் தட்டிகளை மளமளவென்று படித்தாள். அன்பளிப்பு, திருமண நினைவாக, மணமக்கள், சகோதரர்கள் எல்லாம் தண்ணி பட்ட பாடு. பெங்களூர்ப் பெண் எவ்வளவு நன்றாகத் தமிழ் படிக்கிறாள் என்று எல்லோரும் மெச்சினீர்கள். திரும்பிப் போகும்போது பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை போர்டின் முன்னால் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றதை நீங்கள் பார்க்கவில்லை.

3

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கம்ப்யூட்டரில் படம் வரையும் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தாள். சேர்க்கும்போது, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஏழு வருடம் இங்கேயே படித்ததற்குச் சான்று என்று ஒவ்வொரு ஆபீசாக ஏறினோம். ஏறினோம் என்றால் அவள் உள்ளே போவாள், நான் செருப்புக்குக் காவல் நிற்பேன். அவள் கன்னடத்தில் பேசி, இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, சீல் வாங்கிக்கொண்டு வருவாள். "ஆயித்துப்பா, வா" என்பாள், முடிந்தது என்று. பத்து வயதிலிருந்தே அப்படித்தான். ரேஷன் கடையிலும் வங்கியிலும் அவள்தான் எங்களுக்கு அப்பா.

கோர்ஸ் முடிந்து மூன்று இடங்களில் வேலை கேட்டுத் திரும்பிவந்தாள். நான்காவது, கோரமங்களாவில் குழந்தைகளுக்குக் கதை சி.டி. தயாரிக்கும் ஒரு கம்பெனி. பத்துப் படங்களும் ஒரு பக்கம் அலங்கார எழுத்தும் செய்து அடுத்த திங்கட்கிழமை கொண்டு வா என்றார்கள். தாளில் வரைந்ததைக் கொண்டுவரக் கூடாது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் பலகையில், அதற்கான பேனாவால் நேராக வரைந்ததாக இருக்க வேண்டும். எந்த மொழி எழுத்தும் இருக்கலாம். கோர்ஸ் முடிந்துவிட்டதால் அங்கே இருக்கும் பலகையைத் தொட முடியாது. சொந்தமாக ஒன்று வேண்டும்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் கோர்ஸ் நடத்துகிறவர்களே கழித்துக் கட்டிய பழைய பெட்டி. சீட்டு எடுத்துப் பலகை வாங்கிவிடலாம் என்று முடிவானது.

கஸ்தூரி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங்கில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளில் நூல் பிசிறு தேடுகிற வேலை. சூப்பர்வைசரிடம் மகளுக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

"திங்கட்கிழமை ஆச்சின்னா சரி. ஆவலன்னா புதன்கிழமைலருந்து எங்கூட வா. மூணு எடம் பாத்தாச்சி, இன்னும் எத்தினி நாளைக்கி?" என்றாள்.

சுகந்தி தட்டைக் கழுவப் போனாள். கஸ்தூரி அப்படிச் சொன்னாளே தவிர, ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அந்தப் பலகை கடையில் இல்லாமல் போய்விடாதே என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

4

பலகை விற்கும் கடைகள் எஸ்.பி. ரோட்டில் இருக்கின்றன. அங்கே ஒயரும் பெட்டியும் தெருவரைக்கும் வழியும். அதைத் தாண்டி மாடிப்படி ஏறினால் ஆறு பேர் நிற்கக்கூடிய ஒரு கடை. நடத்துகிறவர் ஃபயாஸ், பிரேசர் டவுன்காரர். எந்த மொழியில் கேட்டாலும் எல்லா மொழியிலும் பதில் சொல்வார்.

வழியெல்லாம் சுகந்தி எனக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டு வந்தாள். பெரிய பலகைதான் வாங்க வேண்டும் என்று அவளோடு படித்த லதா சொல்லியிருக்கிறாளாம். விலையை அவளே பேசிக்கொள்வாளாம். நான் சும்மா நின்றால் போதுமாம். சும்மா நிற்பது எனக்குப் பழக்கம்தானே என்றேன்.

ஃபயாஸ் இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, ஒரு தாம்பாளம் அளவு. பழைய ஸ்டாக், அதனால் விலையில் குறைத்துத் தருகிறேன் என்றார். இன்னொன்று சின்னது, போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. பலகையில் பேனாவால் வரைந்தால் அங்கே ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கும் திரையில்தான் கோடு வரும். அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும்.

சுகந்தி பெரியதில் ஒரு யானை போட்டாள். சின்னதில் ஒரு பூனை போட்டாள். அப்புறம் பெரியதையே தடவிக்கொண்டு நின்றாள்.

ஃபயாஸ் என்னைப் பார்த்தார். "அண்ணா நீங்களும் ஒரு வாட்டி போட்டுப் பாருங்க."

நக்கோ நக்கோ என்று அவர் மொழியிலேயே கையை ஆட்டினேன். அவர் விடவில்லை. ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார். உட்கார்ந்தேன். சின்னப் பலகையை இடது கையில் வாங்கி, பேனாவைப் பிடித்து, என் பெயரை எழுதினேன். கை தன் பழக்கத்தில் பேனாவை அசையாமல் வைத்துக்கொண்டு பலகையைத் திருப்பியது. பலகையையே பார்க்காதீங்க, எதிரே பாருங்க என்றார் ஃபயாஸ். எதிரே பார்த்தால் கை நின்றுவிடுகிறது. எழுதும் இடத்தைப் பார்க்காமல் எப்படி எழுதுவது? திரும்பவும் பலகையையே பார்த்துத் திருப்பினேன். ஒயர் என் முழங்கையைச் சுற்றிக்கொண்டது. முடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் என் பெயர் தட்டு விளிம்பில் வருவதுபோல அரைவட்டமாக வளைந்திருந்தது. பாதி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கூட்டமான பஸ்ஸில் நிற்பவர்களைப்போல இருந்தன.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் என் காது சூடாகிவிட்டது. எழுந்துவிடலாம் என்று பார்த்தால் ஒயர் விடவில்லை. அதை அவிழ்க்கும் நேரத்தில் கை சும்மா இருக்காமல் பெரிய பலகையின் பேனாவையும் எடுத்துப் பார்த்தது. அதற்குள் பேட்டரி போட்டிருந்தார்கள். முன்பக்கம் குச்சிபோல லேசு, பின்பக்கம் பாரம். பிடித்தால் வால் இழுத்தது. சின்னப் பலகையின் பேனாவில் பேட்டரி இல்லை. கையில் வைத்தால் அப்படியே உட்கார்ந்தது.

"எது நல்லாருக்குப்பா?" என்று சுகந்தி கேட்டாள். ஒயரிலிருந்து என் கவனத்தைத் திருப்பத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"இந்தப் பேனாதாம்மா" என்றேன். "அது வாலு பாரம். நாலு வரி எழுதறதுக்குள்ள கை நோவும். இதுதான் நல்லாருக்கு. இதையே வாங்கிக்க."

சொன்ன பிறகுதான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. சுகந்தி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஃபயாஸிடம் திரும்பி, "இதையே குடுங்கண்ணா" என்றாள்.

கீழே இறங்கும்போது எனக்குப் படியே தெரியவில்லை. ஒரு பொருளைப் பற்றி நான் ஒரு பேச்சுப் பேசி, அதைக் கேட்டு என் மகள் மனதை மாற்றிக்கொண்டுவிட்டாள். கம்ப்யூட்டர் பொருள் வேறு. பஸ்ஸில் சில்க் போர்டு ஸ்டாப் வரைக்கும் அந்தப் பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

5

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். இவ்வளவூண்டுதானா என்றாள். அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

சுகந்தி பால் வாங்கப் போயிருந்தாள். என்னிடம் வீட்டிலும் ஒரு பழைய ஊசிப் பேனா உண்டு. பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சொரசொரப்பான பிளாஸ்டிக், அதில் ஊசி நிற்காது. நடுவில் மட்டும் வழவழப்பான வெள்ளி ஸ்டிக்கர் ஒன்று, பெயருக்காகவே விட்டதுபோல. சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் அதில் இருந்தன. பொ. சுகந்தி என்று அவற்றின் மேலேயே வெட்டினேன். அழகாக வந்தது. கஸ்தூரி முந்தானையால் துடைத்து வைத்தாள்.

சுகந்தி வந்து ஒயரைச் சொருகப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் பின்னால் அந்த ஒயருக்கு ஓட்டையே இல்லை. பலகை புது மாதிரி, பெட்டி பழைய மாதிரி. பெரிய பலகைக்குப் பழைய மாதிரிச் சொருகிதான், அது அப்படியே பொருந்தியிருக்கும் என்று அவளே முணுமுணுத்தாள். சரி, நாளைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று பலகையைத் திருப்பினாள். தன் பெயரைப் படித்தாள்.

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "அம்மா" என்றாள். "ஏன், நல்லாத்தான போட்டுக்கிறாரு?" என்றாள் கஸ்தூரி.

மறுநாள் திரும்பவும் எஸ்.பி. ரோடு. ஃபயாஸ் பலகையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, நம்பர் மேலயே எழுதிட்டீங்களே. மாத்தி வாங்கணும்னா கம்பெனிக்காரன் நம்பர் கேப்பான். நான் சுகந்தின்னு சொல்லவா?"

இருந்தாலும் நல்ல மனிதர். பக்கத்துத் தெருவில் அந்தக் கம்பெனியின் ஏஜென்ட் ஆபீஸ் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பினார். அங்கே ஏசி. நான் வழக்கப்படி செருப்புகளோடு நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது: மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பில் இருக்கிறது, சீல் இருக்கிறது, நம்பர் இல்லை. நம்பர் இல்லாததால் அந்தப் பலகையை அவர்கள் விற்கவே இல்லை என்று ஆகிவிட்டதாம். வாங்கிய பொருளை விற்கவில்லை என்று சொல்லக்கூடிய ஆபீஸ்கள் இந்த ஊரில் உண்டு.

வெளியே வந்த சுகந்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் நான்கு நாட்கள்தான் இருந்தன. புதன்கிழமையிலிருந்து அவள் நிற்கப்போகும் இடம் எனக்குத் தெரியும். கஸ்தூரிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கப் போனபோது கம்பிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். பேனாவைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் வீட்டில் வரைந்துகொண்டிருப்பாள்.

வழி சொன்னதும் ஃபயாஸ்தான். பலகையை மாற்ற முடியாது, பெட்டியை மாற்றுவோம் என்றார். கம்ப்யூட்டருக்குள் சொருகுவதற்கு ஒரு சின்ன அட்டை இருக்கிறதாம். அதைப் போட்டால் புது ஒயருக்கான ஓட்டை வந்துவிடுமாம். அன்று சாயங்காலமே தன் ஸ்கூட்டரில் பொம்மனஹள்ளிக்கு வந்து, பெட்டியைத் திறந்து, தூசியைத் துடைத்து, போட்டுக் கொடுத்தார். திரையில் கோடு வந்தது. கஸ்தூரி அவருக்கு டீ கொடுத்தாள். டம்ளரில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்பர் மேல பேரு போட்ட டம்ளரா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

6

அந்த நான்கு நாட்களும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. படங்கள் எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. காது பெரிதாக இருக்கும் ஒரு முயல் எல்லாவற்றிலும் வந்தது. எழுத்துப் பக்கத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை. கஸ்தூரி கேட்டாள். கன்னடத்தில் என்றாள் சுகந்தி. நம்ம பாஷையில் போடக்கூடாதா என்று கஸ்தூரி இழுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச தமிழ் ரெண்டே ரெண்டும்மா. அன்பளிப்பு, நினைவாக. குழந்தைங்க கதைக்கு அதையா எழுதறது?"

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆனால் அவள் எழுத ஆரம்பித்ததும் பின்னாலேயே நின்று பார்த்தேன். கன்னட எழுத்து உருண்டை உருண்டையானது. அவள் கையில் அது தடித்து, மெலிந்து, வெல்லப் பாகுபோல வளைந்து வந்தது. சின்னப் பலகை, உருண்டை எழுத்து, வால் இழுக்காத பேனா. எல்லாம் பொருந்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேனா எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். சூப்பர்ப்பா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்றாள். கஸ்தூரி தன் கால் தைலத்தை அவள் கைக்குத் தேய்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சி.டி.யில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நான் கடையில் ஒரு குத்துவிளக்கின் அடியில் பெண்ணுக்குப் பதில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கஸ்தூரி வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கார்மென்ட்ஸ் சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்று கவலைப்படுகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, கேசரி கிண்டினாள்.

அதற்குப் பிறகு கடையில் யார் மகன், மகள் பேச்சு எடுத்தாலும், பலகையைவிடப் பேனாதான் முக்கியம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொன்னேன்.

7

ஆயுத பூஜைக்கு அவள் கம்பெனியில் வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். கஸ்தூரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து முடித்ததும் பொரியும் கடலையும் கையில் கொடுத்தார்கள். நான் சுவரோரமாக நின்று பொரியைத் தின்றேன். பொரி ஒரு நல்ல துணை. வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை.

சுகந்தி தன் மேஜையைக் காட்டினாள். அதன்மேல் ஒரு பலகை, தாம்பாளம் அளவு. எல்லா மேஜைகளிலும் அதே அளவுதான்.

அவளுடைய பெரிய ஆபீசர், பிரகாஷ் என்று பெயர், எங்களிடம் வந்தார். சின்ன வயதுக்காரர், சிரித்த முகம். கன்னடத்தில் நிதானமாகப் பேசினார். உங்கள் பெண் கெட்டிக்காரி என்றார். வேலை கேட்டு வந்தபோது கொண்டுவந்த எழுத்துப் பக்கத்தை இன்னும் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம் என்று காட்டினார். அதை எதில் எழுதினாள் என்று பிறகுதான் தெரிந்ததாம். எழுத்து என்பது தோளிலிருந்து முழுக்கை வீசி வர வேண்டியது, இவள் போஸ்ட் கார்டு அளவுப் பலகையில் மணிக்கட்டை மட்டும் திருகித் திருகி எழுதியிருக்கிறாள், யாராயிருந்தாலும் கை வீங்கிவிடும் என்றார். பேனா என்னவோ நல்ல பேனாதான். ஆனால் அந்தப் பலகை குழந்தைகள் விளையாடுவதற்கு என்றார்.

அப்புறம் சுகந்தியிடம் திரும்பிச் சிரித்தார். கோர்ஸில் சொல்லிக் கொடுக்கவில்லையா, எழுத்துக்கு அதைப் போய் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்.

"நானே சார்" என்றாள் சுகந்தி. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

வாயில் இருந்த பொரியை விழுங்கினேன். தைல வாசனை ஞாபகம் வந்தது. கடையில் பெரிய பலகையைத் தடவிக்கொண்டு நின்றது, அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்தது. ஆபீசர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"அவளல்லா சார்" என்றேன். காய்கறிக்காரர் சிரிக்கும் அதே கன்னடத்தில்தான். "நானு. நான்தான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். ஏன் என்று காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் அடுத்த வாக்கியம் இல்லை. நல்ல வேளையாக அவர் கேட்கவில்லை. என் கையை எடுத்துக் குலுக்கிவிட்டு, இன்னொரு பொட்டலம் பொரி கொடுக்கச் சொன்னார். சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்னிருப்பா" என்றாள்.

திரும்பும்போது பஸ் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. முன்பக்கக் கண்ணாடியில் மாலை ஆடிக்கொண்டிருந்தது. மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் வாங்கினியாம்மா?"

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "இத்தன வருசத்துல ஒரு கடையில நீ வாயத் தொறந்து, இதுதான் வேணும்னு சொன்னது அன்னிக்குத்தான். அத எப்படிப்பா வேணாங்கறது?"

கஸ்தூரி முந்திக்கொண்டாள். 

"அப்ப இனிமே பொடவக் கடையிலயும் இவரு வாயத் தொறந்தா, அதத்தான் நான் கட்டிக்கினு திரியணுமா?" என்றாள். சுகந்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஸ்டாப் நெருங்கியது. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. எப்போதும் சுகந்திதான் எழுந்து, இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கன்னடத்தில் குரல் கொடுப்பாள். அன்று அவள் அசையவில்லை. அவள் அம்மாவும் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இளியோரு இதாரே!" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பஸ் நின்றது.